ரிப்பன் வெட்டாத தொட்டி

முஹம்மது ஆரிப் ஓடிக்கொண்டிருந்தான்.

இடது கை ஆள்காட்டி விரலை வானத்துக்குக் காட்டியபடி ஓடினான். வலது கையில் ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டிலில் தண்ணீர் இல்லை, ஒரு ஊசி இருந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவரின் உடம்புக்குள் போய்வந்த ஊசி. சற்று முன்னால் ஆரிப்பின் விரலுக்குள்ளும் போய், எலும்பு வரை விசாரித்துவிட்டு வந்த ஊசி.

வழியில் ஒரு பம்ப்செட்டில் சோப்பு கேட்டு வாங்கி விரலைக் கழுவியாயிற்று. அடுத்தது எச்.ஐ.வி. ஒட்டாமல் தடுக்கிற மாத்திரை. இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை உள்ளே போய்விட்டால் நல்லது என்பது அவனுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது அவனுடைய சொந்த விஷயம்.

நெல்லித்தோப்பில் வீடு. வீட்டில் அரீபா. அரீபாவின் மடியில் நாலு மாதப் பிள்ளை ஹாதி. யாருடைய வியாதியோ விரல் வழியாக ஏறி அந்த மடி வரைக்கும் போய்விடக் கூடாது. அதற்குத்தான் இந்த ஓட்டம்.

அவன் ஓடி வந்து சேர்ந்தது, தவளக்குப்பம் ஜங்ஷனில் கடலூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் வருகிற ஒரு சின்ன ஊர். ஊருக்கு ஒரே ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். அன்றைக்கு அது வாசலில் வாழைமரம் கட்டி, ஷாமியானா போட்டு, கல்யாண மண்டபம் மாதிரி நின்றது. கேட்டில் சிவப்புக் கெப்பித் தொப்பி வைத்த போலீஸ்காரர் குறுக்கே கை நீட்டினார்.

"பாஸ்?"

"ஊசி குத்திடுச்சி சார்."

"இன்னிக்கு ஊசி கிடையாதுப்பா. நோயாளி பாக்கறது லீவு. ஊசியைப் பத்தின விழாதான்."

"போட்டுக்க வரல சார். குத்திடுச்சி. யாரோ போட்டுட்டு வுட்டெறிஞ்ச ஊசி."

போலீஸ்காரர் கெப்பியைச் சரிசெய்துகொண்டு யோசித்தார். "எந்த ஸ்டேஷன் லிமிட்டுல குத்துச்சி?"

ஆரிப் அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே புகுந்துவிட்டான்.

உள்ளே மேடை. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: "கிராம சுகாதார நிலையங்களில் பாதுகாப்பான மருத்துவக் கழிவு அகற்றல் மேம்பாட்டுப் பெருவிழா." அதன் கீழே, கைதேர்ந்த கவிஞர் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதிய வரி: "ஊசியே, உன் வீடு பெட்டியே!" மேடைக்கு முன்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நாலு தொட்டிகள். நாலையும் சுற்றி ஒரே நீளமான ரிப்பன். ரிப்பனுக்குப் பக்கத்தில் தட்டு, தட்டில் பட்டுத்துணி, பட்டுத்துணி மேல் கத்தரிக்கோல்.

கடைசி வரிசை நாற்காலியில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெயர் பாவாடை. அந்த ஊர்க்காரர், கரும்பு போடுகிறவர்.

"நர்சம்மா எங்கண்ணே?" என்றான் ஆரிப்.

"அதோ, அந்த வெள்ளைப் பெட்டிக்குள்ள."

ஆரிப் தொட்டியைப் பார்த்தான்.

"அது இல்லப்பா. அந்தாண்ட நடந்து போவுது பாரு, பெட்டி. அதுக்குள்ள."

உண்மைதான். தலை முதல் முழங்கால் வரை வெள்ளை அட்டைப் பெட்டி ஒன்று இரண்டு கால்களில் நடந்துகொண்டிருந்தது. முன்புறம் வெட்டிய ஓட்டையில் நர்ஸ் சரிதாவின் முகம், வியர்வையில் பவுடர் வழிந்து, எட்டிப் பார்த்தது.

"நீங்களும் ஊசி போட்டுக்கவா வந்தீங்க?" என்று பாவாடையிடம் கேட்டான் ஆரிப்.

"சுகர் மாத்திரைக்கு வந்தேன். சேருல ஒக்காந்து கை தட்டினாத்தான் மாத்திரைன்னுட்டாங்க. ரெண்டு தட்டு தட்டிட்டேன். எத்தினி தட்டுக்கு எத்தினி மாத்திரைன்னு சொல்ல மாட்றானுங்க."

ஆரிப் பெட்டியிடம் ஓடினான். விரலைக் காட்டினான்.

சரிதா பதறிப்போனாள். பதற்றத்தில் அவள் கைகள் பெட்டிக்குள்ளேயே அங்குமிங்கும் முட்டிக்கொள்வது வெளியே கேட்டது. "ஐயய்யோ! கழுவினீங்களா? நல்லா கழுவினீங்களா? எங்க குத்துச்சி?"

"ரோட்டுல."

அது பொய். அரைமணி நேரமாக ஓடிக்கொண்டே தயார் செய்த பொய்.

"ரோட்டுலயா! பாத்து நடக்கக் கூடாதாண்ணா? ஊசி போடலாம்னா கை வெளிய வராது. விழா ஆட்டத்துக்குன்னு இத மாட்டிவுட்ட டிராமாக்காரரு டீ குடிக்கப் போயிட்டாரு. அவரு வந்துதான் கழட்டணும்."

"மொதல்ல இந்த ஊசியை வாங்கிக்குங்க." ஆரிப் பாட்டிலை நீட்டினான். "எதுலயாவது போட்டுடறேன். கையில வெச்சிக்கினு இருக்க பயமா இருக்குது." சொல்லிக்கொண்டே வெள்ளைத் தொட்டிப் பக்கம் குனிந்தான்.

"ஐயோ, தொடாதீங்க!" பெட்டி குறுக்கே பாய்ந்தது. "ரிப்பன் இன்னும் வெட்டல. சிறப்பு அலுவலர் வந்து வெட்டினாத்தான் அதுல போடலாம்."

"அப்ப அந்தப் பையில?" மேடையோரமாக அழகழகாக முடிச்சுப் போட்ட ஐந்தாறு பைகளைக் காட்டினான்.

"அதுல பஞ்சும் பேப்பரும்ணா. சென்ட் அடிச்சிருக்கோம். சார் கையால வண்டியில ஏத்தப் போறாரு இல்ல? நாத்தம் அடிச்சா மரியாதையா? நெசக் கழிவெல்லாம் விடியக்காலையிலயே ஏத்திவுட்டாச்சி. இது விழாக் கழிவு."

நிஜக் கழிவுக்கும் விழாக் கழிவுக்கும் நடுவில் ஆரிப் பாட்டிலோடு நின்றான். கழிவு அகற்றும் விழாவில் ஒரு ஊசியைப் போட ஓர் இடம் இல்லை.

"மாத்திரையாவது குடுங்கம்மா."

"மருந்து ரூம் சாவி காத்தவராயன் அண்ணன்கிட்ட. அதோ, மஞ்சப் பை."

மஞ்சள் பை நாற்காலியில் உட்கார முடியாமல் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து மருந்தாளுநர் காத்தவராயனின் குரல் குடத்துக்குள் பேசுவது போல வந்தது.

"சாவி இருக்குது தம்பி. பேன்ட் பாக்கெட்டுல. பேன்ட்டு உள்ள. நான் உள்ள. வெளிய தையல் போட்டுட்டானுங்க."

"ஜிப்பு இல்லையா?"

"மருத்துவக் கழிவுப் பையைக் கட்டினப்புறம் திறக்கவே கூடாதுன்னு ரூல்ஸ். தத்ரூபமா இருக்கணும்னு சாரோட உத்தரவு. ஆட்டம் முடிஞ்சாத்தான் பிரிப்பாங்க."

"ஆட்டம் எப்ப?"

"வண்டி வந்ததும். பையெல்லாம் வண்டியில ஏத்தி, கொடி அசைச்சி, அப்புறந்தான் ஆட்டம். வண்டி இன்னும் வரல. டிரைவர் போனை எடுக்க மாட்றானாம். தம்பி, கொஞ்சம் மூக்குகிட்ட சொறிஞ்சி வுடேன். ஏறுது... இன்னும் மேல..."

ஆரிப் பைக்கு மூக்கு இருக்கிற இடத்தைக் குத்துமதிப்பாகச் சொறிந்துவிட்டு நகர்ந்தான். போன் அடித்தது. அரீபா.

"மாத்திரை போட்டாச்சா?"

"சாவி பைக்குள்ள மாட்டிக்கிச்சி."

"எந்தப் பைக்குள்ள?"

"காத்தவராயன் பைக்குள்ள. காத்தவராயனும் பைக்குள்ள."

அந்தப் பக்கம் ஹாதி சிணுங்கினான். அரீபா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "என்னங்க, உண்மையைச் சொல்லித் தொலைங்களேன். சொன்னா உடனே பாப்பாங்க."

"சொன்னா வேலை போயிடும்டீ."

"போவட்டும். எங்க அத்தா கடையில மூட்டை தூக்குங்க. ஒடம்பு போச்சின்னா என்னாத்தத் தூக்குவீங்க? மாத்திரை போடாம வாசப்படி ஏறினீங்க, புள்ளயத் தூக்க வுட மாட்டேன், சொல்லிட்டேன்."

அவன் போனை அணைத்தான். பொத்தானை அழுத்தி, மொத்தமாகவே அணைத்தான்.

அந்த நேரம் பார்த்து மேளம் முழங்கியது. சிறப்பு அலுவலர் ராஜவேல் மேடையேறினார். கையில் பச்சைக் கொடி. இன்னும் வராத வண்டிக்காக அதை அவர் வீட்டிலிருந்தே பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நிலையத்தின் டாக்டர் பூவிழி வரவேற்புரை படித்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் படித்த ஐந்தரை வருடத்தில் வரவேற்புரை என்று ஒரு பாடம் இருக்கவில்லை. அதனால் பிரிஸ்கிரிப்ஷன் வாசிப்பது போலவே வாசித்தாள்.

ஆரிப் மேடைப் படியில் நின்று விரலை ஆட்டினான். பூவிழி வாசிப்பை நிறுத்தாமலே கண்ணால் "என்ன?" என்றாள். அவன் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். ஊசி உள்ளே கிணுகிணுத்தது. பூவிழியின் வரவேற்புரை "அன்பும் பண்பும்" என்ற இடத்தில் நின்றுபோனது. விறுவிறுவென்று படியிறங்கி வந்தாள்.

"எப்ப குத்துச்சி?"

"ஒரு மணி நேரம் இருக்கும் டாக்டர்."

"எங்க?"

"ரோட்டுல."

"என்ன அங்கே?" என்று மைக்கிலேயே கேட்டார் ராஜவேல்.

பூவிழி சொன்னாள். கூட்டம் "ஐயையோ" என்றது. ராஜவேல் முகம் மட்டும் மலர்ந்தது. விழாவுக்கு இதைவிடப் பொருத்தமாக ஓர் ஆள் கிடைக்க மாட்டான் என்பது அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது.

"மேலே கொண்டுவாருங்கள் அந்தத் தம்பியை!"

ஆரிப் மேலே போனான், போக வைக்கப்பட்டான். ராஜவேல் அவன் தோளில் கை போட்டார்.

"பெரியோர்களே! தெருவில் கிடந்த ஊசியை இந்தத் தம்பி தூக்கி எறிந்தாரா? இல்லை. தேடிக்கொண்டு நம்மிடம் வந்தார். இவர்தான் விழிப்புணர்வுக் குடிமகன்! சால்வை எங்கே?"

சால்வை வந்தது. ஆரிப்பின் தோளில் விழுந்தது. பாவாடை கடைசி வரிசையில் மூன்றாவது தட்டு தட்டினார்.

"சார், மாத்திரை," என்றான் ஆரிப்.

"வரும், வரும். முதலில் ஒரு விளக்கம்." ராஜவேல் மைக்கை நெருங்கினார். "தெருவில் குத்தினால் அது மருத்துவ ஊசி அல்ல. அது திடக்கழிவு. கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆகவே இதை நம் தொட்டியில் போட இயலாது. மாத்திரையைப் பொறுத்தவரை, நான் கையெழுத்திட்ட சுற்றறிக்கை தெளிவாக இருக்கிறது. பணியின்போது ஊசி குத்தப்பட்டவர்களுக்கு மட்டுமே அந்த மாத்திரை."

"சார்," என்றாள் பூவிழி, "அது உயிர் காக்கிற மாத்திரை."

"அதனால்தான் பத்திரமாக வைத்திருக்கிறோம்."

"இதுவரைக்கும் யாருக்காவது குடுத்திருக்கோமா?"

"ஒருவருக்கும் இல்லை!" ராஜவேல் கொடியை உயர்த்தினார். இதற்காகத்தான் காத்திருந்தது போல அவர் குரல் உயர்ந்தது. "பெரியோர்களே, தாய்மார்களே! கழிவு என்பது என்ன? எல்லோரும் ஒதுக்குவது. ஆனால் நான் கழிவை ஒதுக்கவில்லை. கழிவுதான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது. இதைப் படிக்க மூன்று தேசங்களுக்கு அனுப்பப்பட்டேன். பாரீசில் ஒரு தொட்டியைப் பார்த்தேன். மூடியைத் திறந்தால் சத்தமே வரவில்லை. நின்று அழுதேன். திரும்பி வந்ததும் நம் கிராமங்களுக்கு இந்தத் தொட்டிகளை வாங்கினேன். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பாருங்கள், ஒரு கீறல் உண்டா? ஒரு கறை உண்டா? ஏன் இல்லை? இன்றுவரை ஒருவரும் இவற்றைப் பயன்படுத்தவில்லை!"

கைதட்டல். பெட்டிக்குள்ளிருந்து சரிதாவும் தட்டினாள். தொப் தொப் என்று கேட்டது.

"சிலர் கேட்கிறார்கள், உங்கள் அமைப்பில் யாருக்காவது ஊசி குத்தியிருக்கிறதா என்று. சவால் விடுகிறேன். மேலிருந்து கீழ் வரை ஒருவருக்கும் இல்லை! எப்படிச் சாதித்தோம்? எளிமையான நிர்வாகம். குத்து வாங்கியவர் கவனக்குறைவானவர். கவனக்குறைவானவர் அந்த நிமிடமே நம் அமைப்பில் இல்லை. ஆகவே நம் அமைப்பில் இருப்பவர் ஒருவருக்கும் ஊசி குத்தவில்லை."

ஆரிப்புக்குத் தலை சுற்றியது. பணியில் இருப்பவனுக்குத்தான் மாத்திரை. குத்து வாங்கினவன் பணியிலேயே இல்லை. அப்படியானால் அந்த மாத்திரை யாருக்காகத்தான் செய்யப்பட்டது?

அதே சந்தேகம் பாவாடைக்கும் வந்துவிட்டது. எழுந்து நின்று கேட்டார்: "ஏன் சார், குத்து வாங்காதவனுக்குத்தான் அந்த மாத்திரையா? அப்ப எனக்கே குடுங்களேன், சுகர் மாத்திரைக்குப் பதிலா?"

"அந்தப் பெரியவரை உட்கார வையுங்கள். வண்டி எங்கே? வண்டி வந்ததா இல்லையா?" ராஜவேல் ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒரு மாடு நின்றது. நல்ல நேரம் முடிய இன்னும் சற்று நேரமே இருந்தது. கொடி பிடித்த கை வலித்திருக்க வேண்டும், இன்னொரு கைக்கு மாற்றினார். "டிரைவரைக் கூப்பிடுங்கள்!"

"போன் அணைஞ்சி கிடக்குதுங்க சார்," என்றது கீழே ஒரு குரல்.

பூவிழி ஆரிப்பின் முகத்தைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, வரவேற்புரைத் தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துவிட்டு, மேடையிலிருந்து குதித்தாள். நேராக ரிப்பனிடம் போனாள். பட்டுத்துணியோடு கத்தரிக்கோலை அள்ளினாள்.

"டாக்டர்! அது ரிப்பனுக்கு வாங்கினது!" ராஜவேல் அலறினார்.

அவள் திரும்பவே இல்லை. சுவரில் சாய்ந்திருந்த மஞ்சள் பையின் முதுகில் கத்தரிக்கோலை வைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.

"பையைத் திறக்கக் கூடாதும்மா! ரூல்ஸ்!" என்று பைக்குள்ளிருந்து கத்திய காத்தவராயன், மறுவிநாடி பனியனோடு வெளியே வந்து விழுந்து, "அப்பாடா... காத்து!" என்றார்.

சாவி வந்தது. மருந்து அறை திறந்தது. இரண்டு மணி நேரம் முடிவதற்குள் முதல் மாத்திரை ஆரிப்பின் தொண்டையில் இறங்கியது. பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்த சரிதா அவன் தோளில் டி.டி. ஊசியைப் போட்டாள். போட்ட ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, எதில் போடுவது என்று தெரியாமல் நின்றாள்.

"கேட்டுக்குங்க," என்றாள் பூவிழி. ஆரிப்பின் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இது மொத மாத்திரைதான். ஒரு மாசம் கிட்ட விடாம சாப்பிடணும். நான் பாத்துக்கறேன். ஆனா எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். அது யார் உடம்புக்குப் போட்ட ஊசி? எந்த ஊரு, எந்த இடம்னு தெரிஞ்சா, அங்க ஊசி போட்டுக்கிட்டவங்களக் கூப்பிட்டு ரத்தத்தப் பாக்கலாம். ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா நீங்க இன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்கலாம். ரோடு, ரோடுன்னா நான் எந்த ரோட்டுல போய்த் தேடுவேன்?"

ஆரிப் தலைகுனிந்தான். "வூட்ல நாலு மாசப் புள்ள இருக்குது டாக்டர்."

"அதுக்காகத்தான் கேக்கறேன்."

வாசலில் ராஜவேல் வந்து நின்றார். வெட்டப்படாத ரிப்பனின் ஒரு முனை அவர் செருப்பில் சிக்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே மைக்கைத் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கிக்காரர். அவருக்குப் பின்னால் பாதிக் கூட்டம். முன்வரிசையில் பாவாடை.

"எந்தக் கணக்கில் மாத்திரை கொடுத்தீர்கள், டாக்டர்? இவர் எங்கே பணி செய்கிறார்? யாருடைய ஆள்? அரசாங்க மாத்திரையை வழிப்போக்கனுக்கு வாரிக் கொடுக்க நீங்கள் யார்? விசாரணை வைப்பேன்! உங்கள் வேலைக்கு நான் பொறுப்பல்ல!"

பூவிழி எழுந்து நின்றாள். கை கோட்டுப் பைக்குள் போய், மடித்து வைத்த தாளைக் கசக்கியது.

ஆரிப் அவளைப் பார்த்தான். தன்னுடைய வேலை போகாமலிருக்க ஒரு பொய். அந்தப் பொய்யால் இப்போது இன்னொருத்தியின் வேலை போகப்போகிறது. சால்வையைக் கழற்றி மடித்து ராஜவேலின் கையில் வைத்தான். கொடியும் சால்வையுமாக அவர் விழித்துக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கிக்காரரிடமிருந்து மைக்கை வாங்கினான்.

"டாக்டரம்மா சரியான ஆளுக்குத்தான் குடுத்திருக்காங்க சார்," என்றான். ஷாமியானா முழுக்க அவன் குரல் கேட்டது. "நான் பணியில இருக்கறப்பதான் குத்திச்சி. உங்க வண்டி எங்கயும் போவல. காலையிலேருந்து ஊருக்கு வெளிய சவுக்குத் தோப்புலதான் நிக்குது. நான்தான் சார் அதோட டிரைவர். தினமும் மாஸ்க்கும் தொப்பியுமா வந்து போறதால இங்க யாருக்கும் என் மூஞ்சி தெரியாது. ஊசி ரோட்டுல கெடந்தது இல்ல. விடியக்காலையில இந்த ஆஸ்பத்திரி பின்கட்டுலேருந்து நான் தூக்கின மஞ்சப் பைக்குள்ள இருந்தது. ஊசி போடவேண்டிய வெள்ளைத் தொட்டிக்கு ரெண்டு வருசமா ரிப்பன் வெட்டலன்னு, ஊசியெல்லாம் மஞ்சப் பையிலதான் போட்டுக்கினு இருக்காங்க. அப்பக்கூட எனக்குக் குத்தல சார். நீங்க கையால ஏத்தப்போற சென்ட்டுப் பைக்கு எடம் வேணும்னு அந்த மூட்டைய நவுத்தி வெச்சேன் பாருங்க, அப்பதான் குத்திச்சி."